கோவையில் 30 டிகிரி, ஊட்டியில் பூஜ்ஜியம்: உறைபனிக்கு உங்க கார் ரெடியா?

டிசம்பர் பிறந்தால் போதும், ஊட்டி தலைகுந்தாவில் புல்வெளி வெள்ளை வெளேரென்று கிடக்கும் வீடியோக்கள் கோவை வாட்ஸ்அப் குரூப்களில் சுற்ற ஆரம்பித்துவிடும். கார் கூரையில் படிந்த பனியில் விரலால் பெயர் எழுதுவது, முன் கண்ணாடியைச் சுரண்டி உள்ளங்கையில் எடுத்துக் காட்டுவது என்று ஒவ்வொன்றும் லைக்ஸை அள்ளும். வெள்ளிக்கிழமை ராத்திரி பிளான், சனிக்கிழமை மதியம் புறப்பாடு, ஞாயிறு விடியலில் உறைபனி, திங்கள் காலை ஆபீஸ். கோவையிலிருந்து ஊட்டி 85 கிலோமீட்டர் சொச்சம்தானே!

தூரம் சின்னதுதான். ஆனால் அந்த மூன்று மணி நேரத்தில் கார் சுமார் 400 மீட்டர் உயரத்திலிருந்து 2,240 மீட்டர் உயரத்துக்கு ஏறிவிடுகிறது. மதியம் 30 டிகிரி வெயிலில் கிளம்பிய வண்டி, மறுநாள் விடிகாலை பூஜ்ஜியத்தை ஒட்டிய குளிரில் ஸ்டார்ட் ஆக வேண்டும். அவிநாசி ரோட்டு டிராஃபிக்கில் குறை சொல்ல முடியாமல் ஓடும் கார், மலையில் ஏன் முரண்டு பிடிக்கிறது? போவதற்கு முன் எதையெல்லாம் பார்க்கணும்?

சுருக்கமான பதில்: ஊட்டி உறைபனியில் பெரிய ஆபத்து, சினிமாவில் காட்டுவதுபோல் டயர் சறுக்குவது அல்ல. விடிகாலையில் முன் கண்ணாடி மறைப்பதும், திரும்பி வரும்போது பிரேக் சூடாவதும்தான். விரிவாகப் பார்ப்போம்.

உறைபனி வேறு, பனிப்பொழிவு வேறு

காஷ்மீரிலும் இமாச்சலிலும் வானத்திலிருந்து கொட்டுவது பனிப்பொழிவு. நீலகிரியில் அப்படி எதுவும் கொட்டுவதில்லை. இங்கே நடப்பது உறைபனி. தரையோ, புல்லோ, கார் கூரையோ பூஜ்ஜியம் டிகிரிக்குக் கீழே குளிர்ந்தால், காற்றில் இருக்கும் ஈரம் அதன்மேல் நேரடியாகப் பனிப்படிகமாகப் படிந்துவிடும். அந்த அளவுக்குக் குளிராதபோது வெறும் துளிகளாகப் படிவதைத்தான் ஊட்டிக்காரர்கள் 'நீர்ப்பனி' என்கிறார்கள். பொதுவாக நவம்பரில் நீர்ப்பனியில் தொடங்கும் சீசன், டிசம்பர், ஜனவரியில் உறைபனியாக உச்சத்துக்குப் போய் பிப்ரவரியில் அடங்கும்.

மேகம் இல்லாத, காற்று அசையாத இரவுகளில்தான் உறைபனி அதிகம். தரை பகலில் வாங்கிய சூடு, தடுக்க மேகம் இல்லாததால் வானத்துக்குப் போய்விடுகிறது. குளிர்ந்த காற்று கனமானது என்பதால், தண்ணீர்போல வழிந்து பள்ளமான இடங்களில் தேங்குகிறது. தலைகுந்தா, காந்தள், குதிரைப் பந்தய மைதானம், அவலாஞ்சி போன்ற இடங்கள் முதலில் வெளுப்பதற்கு இதுதான் காரணம்.

இதில் கார் ஓட்டுகிறவர்களுக்கு ஒரு முக்கியமான பாயின்ட் இருக்கிறது. காரின் கூரையும் முன் கண்ணாடியும் வானத்தைப் பார்த்தபடி இருப்பவை. அதனால் சுற்றியுள்ள காற்றைவிட அவை சீக்கிரம் குளிர்ந்துவிடும். போனில் வெதர் ஆப் '3 டிகிரி' என்று காட்டினாலும் கண்ணாடியில் பனி இறுகிக் கிடக்கலாம். கூரை போட்ட பார்க்கிங்கிலோ, கட்டடத்தை ஒட்டியோ நிறுத்திய வண்டி தப்பிப்பதும், திறந்தவெளியில் நிறுத்திய வண்டி வெளுப்பதும் இதனால்தான். ரூம் புக் செய்யும்போதே 'கூரையுள்ள பார்க்கிங் இருக்குங்களா?' என்று கேட்டு வைத்தால் பாதி வேலை முடிந்தது.

கண்ணாடியில் சுடுதண்ணீர் ஊற்றாதீங்க

விடிகாலை ஆறு மணி. கண்ணாடி முழுக்க வெள்ளை. ஓட்டல் பாத்ரூமில் ஒரு பக்கெட் சுடுதண்ணீர் பிடித்து வந்து ஊற்றினால் வேலை முடிந்ததே என்று பலருக்கும் தோன்றும். செய்யக் கூடாத முதல் விஷயம் இதுதான். குளிர்ந்து சுருங்கியிருக்கும் கண்ணாடி, சூடு பட்ட இடத்தில் மட்டும் சட்டென்று விரியும்போது விரிசல் விடலாம். லாரி டயர் தெறித்த கல்லால் ஏற்கெனவே சின்னப் புள்ளி விழுந்திருந்தால், அங்கிருந்து கோடு ஓடிவிடும்.

வைப்பரைப் போட்டு வழிப்பதும் தப்பு. வைப்பர் ரப்பர் கண்ணாடியோடு ஒட்டி உறைந்திருக்கும். சுவிட்சைத் தட்டினால் ரப்பர் கிழியலாம், ஃபியூஸ் போகலாம், மோட்டாரே கூட அடி வாங்கலாம்.

சரி, என்னதான் செய்யணும்? இன்ஜினை ஸ்டார்ட் செய்து, காற்று முன் கண்ணாடிக்குப் போகும் டீஃப்ராஸ்ட் பட்டனைப் போட்டு, சூட்டைக் குறைவில் ஆரம்பித்துப் படிப்படியாகக் கூட்டுங்கள். ஐந்து, பத்து நிமிடத்தில் பனி இளகும். பிறகு பிளாஸ்டிக் சுரண்டியால் வழிக்கலாம். கையில் இல்லையென்றால் காலாவதியான ஏடிஎம் கார்டு போதும். ஸ்டீல் ஸ்கேல், சாவி, கத்தி எதுவும் வேண்டாம், கண்ணாடியில் கீறல் விழும்.

அதைவிடச் சுலபம், முந்தைய இரவே மூடி வைப்பது. காய்ந்த பழைய பெட்ஷீட்டோ, அட்டையோ முன் கண்ணாடியில் விரித்து, ஓரங்களைக் கதவிடுக்கில் செருகிவிட்டால் பனி அதன்மேல்தான் படியும். துணி ஈரமாக இருந்தால் அதுவே கண்ணாடியோடு ஒட்டிக்கொள்ளும் என்பதால் காய்ந்த துணி முக்கியம்.

வைப்பர் தண்ணீர் டேங்கில் வெறும் குழாய்த் தண்ணீர் இருந்தால், அது பீய்ச்சும் துவாரத்தில் உறைந்து அடைத்துக்கொள்ளலாம். உறையாத வகை வாஷர் திரவத்தைக் கலந்து வைப்பது நல்லது.

ஒரு விஷயத்தில் மட்டும் சமரசமே கூடாது. டிரைவர் முன்னால் தட்டளவுக்கு ஓட்டை போட்டு, அதன் வழியே எட்டிப் பார்த்துக்கொண்டு வண்டியை நகர்த்துவது ரொம்ப ஆபத்து. முதல் வளைவில் கீழ்வெயில் நேராக அடித்தால், மிச்சப் பனி மொத்தமும் பளீரென்று மின்னி எதிரே எதுவும் தெரியாது. முன் கண்ணாடி, பக்கக் கண்ணாடிகள், பின் கண்ணாடி, ஹெட்லைட் எல்லாவற்றையும் துடைத்த பிறகே கிளம்பணும்.

உள்ளே படியும் ஆவிக்கு ஏசிதான் மருந்து

வெளிப்பனி போனாலும் உள்ளே நான்கு பேர் விடும் மூச்சு கண்ணாடியில் படிந்து மறைக்கும். 'இந்தக் குளிர்ல ஏசி எதுக்கு?' என்று அணைத்து விடுவதுதான் வழக்கமான தவறு. ஏசி, காற்றைக் குளிர வைப்பதோடு அதிலிருக்கும் ஈரத்தையும் எடுத்துவிடுகிறது. ஆகவே ஏசி ஆன், டெம்பரேச்சர் சூட்டுப் பக்கம், காற்று முன் கண்ணாடிக்கு. இந்த மூன்றும் சேர்ந்தால் ஓரிரு நிமிடத்தில் தெளிந்துவிடும்.

இன்னொன்று: கோவை தூசிக்கும் வெயிலுக்கும் பயந்து, உள்காற்றையே சுற்றவிடும் பட்டனை வருஷம் முழுக்க ஆனில் வைத்திருப்போம். மலையில் அதை ஆஃப் செய்து வெளிக்காற்றை உள்ளே விடுங்கள். இல்லாவிட்டால் அதே ஈரம் உள்ளேயே சுற்றிக்கொண்டிருக்கும்.

ரேடியேட்டரில் போர் தண்ணியா இருக்கு?

கூலன்ட் குறைந்தபோதெல்லாம் வீட்டுக் குழாயில் பிடித்து ஊற்றிய கார்கள் நிறைய உண்டு. போர் தண்ணீரின் உப்பு ரேடியேட்டரின் குழாய்களில் படிந்து அடைக்கும். கூடவே கூலன்ட் நீர்த்துப் போகும்.

எத்திலீன் கிளைக்கால் கலந்த கூலன்டும் டிஸ்டில்டு வாட்டரும் பாதிக்குப் பாதி இருந்தால், அது உறைய மைனஸ் 35 டிகிரிக்கும் கீழே போக வேண்டும். வெறும் தண்ணீர் பூஜ்ஜியத்திலேயே உறையும். உறையும்போது சுமார் 9 சதவீதம் விரியும். குளிர் நாடுகளில் இன்ஜின் பிளாக்கே வெடிப்பது இப்படித்தான். ஊட்டியில் ஓரிரு மணி நேரம் மட்டும் மைனஸைத் தொடும் குளிரில் அந்த அளவுக்குப் போவது அரிது.

அப்படியென்றால் ஊட்டிக்குக் கூலன்ட் எதற்கு? ஏற்றத்துக்கு. உயரம் கூடக் கூடத் தண்ணீர் கொதிக்கும் வெப்பநிலை குறையும். ஊட்டி உயரத்தில் திறந்த பாத்திரத்துத் தண்ணீர் 92, 93 டிகிரியிலேயே கொதித்துவிடும். இன்ஜின் ஓடுவதோ ஏறக்குறைய 90 டிகிரியில். ரேடியேட்டர் மூடி கொடுக்கும் அழுத்தமும், கூலன்டும் சேர்ந்துதான் கொதிநிலையைத் தூக்கிப் பிடிக்கின்றன. மூடியின் ரப்பர் பழுதாகி, உள்ளே வெறும் தண்ணீரும் இருந்தால், பர்லியாறு தாண்டி ஏறும்போதே பானெட்டிலிருந்து புகை வரலாம். அப்படி வந்தால் சூடாக இருக்கும்போது மூடியைத் திறக்கக் கூடாது. கொதிநீர் முகத்தில் அடிக்கும்.

செல்ஃப் எடுக்கலையா? பேட்டரியைக் கவனிங்க

பூஜ்ஜியம் டிகிரியில், சாதாரண கார் பேட்டரி தன் ஸ்டார்ட்டிங் சக்தியில் மூன்றில் ஒரு பங்கு அளவுக்கு இழந்துவிடும். அதே நேரத்தில் இன்ஜின் ஆயில் குளிரில் இறுகுவதால், இன்ஜினைச் சுழற்ற வழக்கத்தைவிட அதிக சக்தி தேவை. வரவு குறைந்து செலவு கூடும் நேரம் அது.

பேட்டரியைத் தேய வைப்பது உண்மையில் கோடை வெயில்தான். அது தேய்ந்துவிட்டது என்பதைக் காட்டிக் கொடுப்பது குளிர். மூன்று, நான்கு வருஷத்துப் பேட்டரி கோவையில் ஒரே சாவியில் ஸ்டார்ட் ஆகும். ஊட்டியில் 'டிக் டிக்' என்று மட்டும் சொல்லும். கிளம்புவதற்கு முன் பேட்டரி கடையில் லோடு டெஸ்ட் செய்து பார்த்துவிடலாம். டெர்மினலில் பூத்திருக்கும் வெள்ளை, பச்சைப் பொடியைச் சுத்தம் செய்து இறுக்கினாலே பல வண்டிகள் சரியாகிவிடும். ஜம்பர் கேபிள் ஒன்று டிக்கியில் கிடக்கட்டும்.

ஆயில் டின்னில் '5டபிள்யூ-30' என்று போட்டிருப்பதைப் பார்த்திருப்பீர்கள். அந்த 'டபிள்யூ' குளிர்காலத்தைக் குறிப்பது. அதன் முன்னால் இருக்கும் எண் எவ்வளவு சின்னதோ, அவ்வளவுக்குக் குளிரில் ஆயில் இறுகாமல் ஓடும். கம்பெனி சொன்ன கிரேடு எதுவோ அதையே போடுங்கள். பழைய வண்டியில் 20டபிள்யூ-40 ஊற்றியிருந்தால், விடிகாலையில் ஸ்டார்ட் செய்த பின் அரை நிமிடம், ஒரு நிமிடம் விட்டு, முதல் சில கிலோமீட்டரை மெதுவாக ஓட்டினால் போதும். அரை மணி நேரம் ஐடிலிங்கில் விடத் தேவையில்லை.

டீசல் வண்டியில் சாவியைப் போட்டதும் டேஷ்போர்டில் சுருள் கம்பிபோல ஒரு விளக்கு எரியும். உள்ளே க்ளோ ப்ளக் சூடாகிறது என்று அர்த்தம். அது அணைந்த பிறகே செல்ஃப் அடிக்கணும்.

டயரில் காற்று எவ்வளவு?

'குளிர்ல காற்று இறங்கிரும், கூட அடிச்சுக்கோ' என்பார் ஒருவர். 'மலைக்குப் போனா காற்று ஏறும், குறைச்சுக்கோ' என்பார் இன்னொருவர். இரண்டிலும் பாதி உண்மை இருக்கிறது.

கோவையில் 30 டிகிரியில் 33 பிஎஸ்ஐ அடித்த டயர், பூஜ்ஜியம் டிகிரிக்குக் குளிர்ந்தால் ஏறக்குறைய நான்கரை பிஎஸ்ஐ குறையும். ஆனால் ஊட்டி உயரத்தில் வெளிக்காற்றின் அழுத்தம் குறைவு என்பதால், கேஜில் இரண்டரை, மூன்று பிஎஸ்ஐ கூடுதலாகக் காட்டும். கூட்டிக் கழித்தால் சுமார் 2 பிஎஸ்ஐ குறைந்திருக்கும், அவ்வளவுதான். ஆகவே டிரைவர் கதவோரம் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரில் உள்ள அளவை, டயர் சூடாவதற்கு முன் அடித்துக்கொண்டு கிளம்பினால் போதும். கிளம்பும்போதே 27, 28இல் இருந்த டயர்தான் பிரச்சினை.

காற்றைவிட முக்கியம் பட்டன். டயர் பள்ளத்தின் ஆழம் குறைந்தது 1.6 மில்லிமீட்டர் இருக்க வேண்டும் என்பது சட்டம். அந்த அளவுக்குத் தேய்ந்த டயரோடு ஈரமான கொண்டை ஊசி வளைவுகளில் ஏறுவது வம்பு. தார் ரோடு பகல் சூட்டைக் கொஞ்சம் வைத்திருப்பதால் புல்வெளி அளவுக்கு உறைவதில்லை. ஆனாலும் வெயில் படாத வளைவுகள், ஓடையோரங்கள், கீழே காற்று புகும் பாலங்கள் ஆகியவற்றில் விடிகாலையில் வழுக்கலாம். அங்கே பிரேக்கை அழுத்தி மிதிக்காமல், முன்கூட்டியே வேகத்தைக் குறைத்துவிட வேண்டும்.

ஏறிய கியரிலேயே இறங்கணும்

பனி பார்த்த சந்தோஷத்தில் திரும்பும் பயணத்தைப் பலரும் மறந்துவிடுகிறார்கள். குன்னூரிலிருந்து மேட்டுப்பாளையம் வரை 30 சொச்சம் கிலோமீட்டரில், 14 கொண்டை ஊசி வளைவுகளோடு, சுமார் 1,500 மீட்டர் இறக்கம். வழியெல்லாம் பிரேக்கிலேயே கால் வைத்து வந்தால், பிரேக் ஆயில் கொதித்து உள்ளே ஆவிக் குமிழிகள் உருவாகும். அப்போது பெடல் தரையைத் தொடும், வண்டி நிற்காது.

பிரேக் ஆயில் காற்றின் ஈரத்தை உறிஞ்சும் திரவம். டாட் 4 வகை ஆயில் புதிதாக இருக்கும்போது கொதிநிலை குறைந்தது 230 டிகிரி. ஈரம் சேர்ந்த பிறகு 155 வரை இறங்கிவிடலாம். 'ரெண்டு வருஷத்துக்கு ஒருதடவை மாத்துங்க' என்று மெக்கானிக் சொல்வது இதற்காகத்தான்.

இறக்கத்தில் இரண்டாவது கியர். ஆட்டோமேட்டிக் என்றால் எல் அல்லது மேனுவல் மோட். இன்ஜினே வண்டியை இழுத்துப் பிடிக்கும், பிரேக்கை விட்டு விட்டு மிதித்தால் போதும். பெட்ரோல் மிச்சம் என்று நியூட்ரலில் இறக்குபவர்களுக்கு ஒரு தகவல்: இன்றைய கார்களில், கியரில் இறங்கும்போது ஆக்ஸிலரேட்டரை விட்டால் இன்ஜினுக்கு எரிபொருள் போவதே நின்றுவிடும். நியூட்ரலில்தான் ஐடிலிங்குக்குச் செலவாகும்.

இறக்கத்தைச் சாதாரணமாக எடுத்தால் என்ன ஆகும் என்பதற்கு ஊட்டி – மசினகுடி கல்லட்டி மலைப்பாதை உதாரணம். 36 கொண்டை ஊசி வளைவுகள் கொண்ட இந்தச் செங்குத்தான பாதையில், 2018 அக்டோபரில் சென்னையிலிருந்து வந்த கார் பள்ளத்தில் விழுந்து ஐந்து பேர் இறந்தனர். உயிரோடு இருந்தவர்கள் இரண்டு நாள் கழித்தே மீட்கப்பட்டார்கள். அதன் பிறகுதான் வெளியூர் வண்டிகள் அந்த வழியே இறங்கக் கட்டுப்பாடு வந்தது. மேப்பில் குறுக்கு வழி என்று காட்டினாலும் கூடலூர் வழியே போவதுதான் சரி.

மின்சாரக் கார் வைத்திருப்பவர்கள் இரண்டு விஷயங்களைக் கவனிக்க வேண்டும். குளிரில் ரேஞ்ச் குறையும், ஏற்றமும் சேர்ந்து சார்ஜைத் தின்னும். இறங்கும்போது மோட்டாரே பிரேக்காக வேலை செய்து பேட்டரியை நிரப்பும். ஆனால் ஊட்டியிலேயே 100 சதவீதம் ஏற்றிவிட்டால், நிரப்ப இடமில்லாமல் அந்த உதவி குறைந்துவிடும். 70, 80 சதவீதத்தோடு இறங்குவது உத்தமம்.

ஊட்டி அனுபவத்தை நம்பி மணாலி போகலாமா?

கூடாது. அங்கே கணக்கே வேறு. ரோட்டிலேயே பனி உறைந்து, கண்ணுக்குத் தெரியாத கண்ணாடித் தகடுபோலக் கிடக்கும். அதன்மேல் வண்டி நிற்கும் தூரம், காய்ந்த ரோட்டில் ஆவதைப்போல் பத்து மடங்கு வரை ஆகலாம். சாதாரண டயரின் ரப்பர் 7 டிகிரிக்குக் கீழேயே இறுக ஆரம்பித்துவிடும். பனிக்கென்றே செய்த டயரோ, சக்கரத்தில் சுற்றும் இரும்புச் சங்கிலியோ வேண்டும். ஃபோர் வீல் டிரைவ் வண்டி கிளம்ப உதவும், நிற்க உதவாது. 2024 கிறிஸ்துமஸை ஒட்டி, சோலாங் – அடல் சுரங்கப்பாதைப் பகுதியில் பனி கொட்டியதில் நூற்றுக்கணக்கான சுற்றுலா வண்டிகள் மணிக்கணக்கில் சிக்கிக்கொண்டன.

டீசலில் இருக்கும் மெழுகுப் பொருள் கடுங்குளிரில் திரண்டு ஃபில்டரை அடைக்கும். லடாக்குக்காகவே மைனஸ் 33 டிகிரி வரை இறுகாத டீசலை இந்தியன் ஆயில் 2019 நவம்பரில் அறிமுகப்படுத்தியது. கனடாவில் நம் தமிழர்களும் வசிக்கும் கியூபெக் மாகாணத்தில் டிசம்பர் 1 முதல் மார்ச் 15 வரை பனி டயர் சட்டப்படி கட்டாயம். ஊட்டிக்காக யாரும் பனி டயர் வாங்க வேண்டாம், கோவை வெயிலில் அது சீக்கிரமே தேய்ந்து போகும்.

ஆனால் ஒரு எச்சரிக்கை மணாலிக்கும் ஊட்டிக்கும் பொது. 2022 ஜனவரியில் பாகிஸ்தானின் மர்ரி மலையில் பனியில் சிக்கிய கார்களில் இருபதுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். குளிருக்கு ஹீட்டரைப் போட்டுக் கண்ணாடியை ஏற்றியிருந்த கார்களுக்குள், பனி மூடிய சைலன்சரின் புகை புகுந்து சிலரைக் கொன்றதாகக் கூறப்பட்டது. கார்பன் மோனாக்சைடுக்கு மணமும் இல்லை, நிறமும் இல்லை. சீசனில் ரூம் கிடைக்கவில்லை என்று இன்ஜினை ஓடவிட்டு காருக்குள் தூங்குவதும், மூடிய அறையில் கரி அடுப்பு மூட்டுவதும் உயிருக்கு உலை வைக்கும்.

வெள்ளிக்கிழமை சாயங்காலச் செக்லிஸ்ட்

• கூலன்ட் அளவு, ரேடியேட்டர் மூடியின் ரப்பர்
• பேட்டரி லோடு டெஸ்ட், டெர்மினல் சுத்தம்
• நான்கு டயரோடு ஸ்டெப்னிக்கும் காற்று, பட்டன் தேய்மானம்
• பிரேக் பேட், பிரேக் ஆயில் மாற்றிய தேதி
• வைப்பர் ரப்பர், உறையாத வாஷர் திரவம்
• ஹெட்லைட், ஃபாக் லேம்ப் (மூடுபனியில் லோ பீம் மட்டுமே, ஹை பீம் போட்டால் வெளிச்சம் நம் கண்ணிலேயே திருப்பி அடிக்கும்)
• டிக்கியில்: காய்ந்த பெட்ஷீட், பிளாஸ்டிக் சுரண்டி, ஜம்பர் கேபிள், டார்ச், சக்கரத்துக்கு அண்டை கொடுக்க ஒரு கல்
• நீலகிரிக்கு இ-பாஸ். சென்னை உயர் நீதிமன்ற உத்தரவுப்படி 2024 மே 7 முதல் நடைமுறைக்கு வந்தது. ஆன்லைனில் பதிவு செய்துவிட்டே மேட்டுப்பாளையம் தாண்டுங்கள்

ஒர்க்ஷாப்பில் இதெல்லாம் பார்க்க ஒரு மணி நேரம் ஆகும். சனிக்கிழமை காலையில் எல்லோரும் அங்கே வரிசையில் நிற்பார்கள் என்பதால், வெள்ளிக்கிழமை ஆபீஸ் முடிந்ததுமே வண்டியை விட்டுவிடுவது நல்லதுங்க.